எலும்பு சொல்லும் சேதி

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா வைத்த ஆட்டெலும்பு சூப்பைக் குடித்துவிட்டு, மிஞ்சிய எலும்புகளைக் குப்பையில் கொட்டப் போனேன். அக்கா மகள் கேட்டாள்: "மாமா, ஆயிரம் வருஷம் கழிச்சு யாராச்சும் இதைத் தோண்டி எடுத்தா என்ன தெரியும்?"

வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிறவன், அன்று வாயடைத்து நின்றேன். பிறகுதான் நியா குகை ஞாபகத்துக்கு வந்தது.

சரவாக்கில், மிரிக்குத் தெற்கே இருக்கிறது அந்தக் குகை. 2024-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பிடித்தது. 1954-இல் சரவாக் அரும்பொருளகத்தின் டாம் ஹாரிசன் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். 1958-இல், ஏறக்குறைய 40,000 ஆண்டுப் பழமையான மனித மண்டையோடு கிடைத்தது. எல்லாரும் அதையே பேசினார்கள். கூடவே வந்த ஏராளமான விலங்கெலும்புகளைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அங்கே வாழ்ந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்பதையெல்லாம் அந்த எலும்புகள்தான் சொல்கின்றன. எலும்பில் கீறல் இருந்தால், ஆயுதத்தால் இறைச்சியை அறுத்திருக்கலாம். கருகியிருந்தால், நெருப்பில் வாட்டியிருக்கலாம். பல் முளைத்த விதமும் தேய்மானமும் விலங்கின் வயதைக் காட்டும். நியாவில் தாடிக் காட்டுப்பன்றியின் எலும்புகளே அதிகம். குரங்கு, ஆமை, உடும்பும் உண்டு. தரையில் ஓடுவதையும் மரத்தில் தாவுவதையும் ஒரே வழியில் பிடிக்க முடியாது. அப்படியென்றால், அன்றைய மனிதர்களுக்குக் காட்டு அறிவு நிறைய இருந்திருக்கிறது.

என்னை உலுக்கியது வேறு விஷயம். நியாவில் புலியின் எச்சமும் கிடைத்திருக்கிறது, தாப்பிரின் எச்சமும் கிடைத்திருக்கிறது. இன்று போர்னியோ காடுகளில் இரண்டுமே இல்லை. ஒரு காலத்தில் அவை அங்கே இருந்ததற்கு அந்தத் துண்டுகளே சாட்சி.

இந்தப் பக்கம், தீபகற்பத்தில், புலி இன்னும் இருக்கிறது. ஆனால் 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, காட்டில் மிஞ்சியவை 150-க்கும் குறைவு. நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் கம்பீரமாக நிற்கின்றன. காட்டில் நிற்பவற்றைக் காப்பாற்றுவோமா?

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம வீட்டுக் குப்பையில ஆட்டெலும்பு கெடச்சா பரவால்ல மாமா. புலி மட்டும் எலும்பாயிடக் கூடாது."

அடுத்த வாரம் சந்திப்போம்.