ஆளுக்கொரு சட்டம்



ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு புலம்பலும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். கீழே கூட்டிப்போனால் வாசற்படியிலேயே நின்று, நனைந்த முன்னங்காலைத் தூக்கி உதறுகிறது. சரி என்று மாடிக்குத் தூக்கி வந்தால், நேராக சோபாவுக்குப் பின்னால் போய் நிம்மதியாக உச்சா போகிறது. "இவ்வளவூண்டு உடம்புல எவ்வளவு அழுத்தம் பாருங்க சார்!" என்பார்கள்.

இப்படி அலுத்துக்கொள்பவர்களில் அதிகம் பேர் பொமரேனியன், டாஷண்ட், பக், ஷீட்ஸு வளர்ப்பவர்கள். லாப்ரடார் வைத்திருப்பவர் செருப்பு போச்சு, மேசைக்கால் போச்சு என்பாரே தவிர, ஒரு வயதுக்கு மேல் கூடத்தை ஈரமாக்குகிறது என்று சொல்லி நான் கேட்டது குறைவு.

சின்ன நாய்க்கு மூத்திரப்பையும் சின்னது என்பது ஒரு காரணம். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அதனால் அடக்க முடிகிற மணிநேரம் தோராயமாகக் கிடைக்கும் என்பது நாய் பழக்குபவர்களின் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணிநேரமே உச்சவரம்பு. சிறிய இனம் என்றால் அதற்கும் முன்பே தாங்காது. டாஷண்டுக்குப் பரம்பரைக் குணமும் உண்டு. ஜெர்மனியில் வளைக்கரடியை அதன் வளைக்குள்ளேயே புகுந்து எதிர்கொள்ள வளர்த்தெடுத்த இனம் அது. மண்ணுக்கடியில் எஜமானின் குரல் எட்டாத இடத்தில் தானே முடிவெடுத்துப் பழகிய வம்சம், நாம் கூப்பிட்டதும் ஓடிவர ஒரு நொடி யோசிக்கத்தான் செய்யும்.

ஆனால் பெரிய காரணம் நம்மிடம் இருக்கிறது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், நாய் வளர்க்கும் 1,276 பேரிடம் கேட்டறிந்து 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய நாய்கள் சொல்பேச்சு கேட்பது குறைவாக இருந்தது. கூடவே, அவற்றின் சொந்தக்காரர்கள் மாறாமல் ஒரே மாதிரி நடந்துகொள்வதும், நாயோடு சேர்ந்து விளையாடிப் பழக்குவதும் குறைவாக இருந்தன. நாள்தோறும் ஒரே மாதிரி நடந்துகொண்டவர்களின் நாய்கள் கூடுதலாகப் பணிந்தன.

நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் இது புரியும். லாப்ரடார் கூடத்தில் ஒருமுறை போனாலே பக்கெட்டும் மாப்புமாக வீடே எழுந்துவிடும். அன்றே ஒரு முடிவு கட்டுவோம். பொமரேனியன் போனால் ஒரு பழைய துணியோடு காரியம் முடிந்தது. அம்மா பால்கனியில் விடுகிறார். அப்பா கீழே இறக்க வேண்டும் என்கிறார். அக்கா பேப்பர் விரிக்கிறாள். பாட்டி, "பாவம், மழையில எங்கடா போகும்?" என்று குளியலறைக் கதவைத் திறந்துவிடுகிறார். நான்கு பேர், நான்கு சட்டம். நாய் ஐந்தாவதாக ஒன்றைத் தானே இயற்றிக்கொள்கிறது. அதற்குத்தான் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் வளர்ப்பதும் டாஷண்ட்தான். விடியற்காலை காபி குடித்த கையோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே வருவார். மதில் ஓரம் இருக்கும் வேப்பமரம்தான் அவர்கள் இடம். மழை என்றால் குடையை நாயின் தலைக்கு மேல் பிடிப்பார். அவர் தோள் நனையும். வாரைப் பிடித்தபடி "ம்... ஆகட்டும்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, அப்புறம் பேசவே மாட்டார். நாய் மண்ணை மோந்து, இரண்டு சுற்று சுற்றி, அவர் முகத்தைப் பார்க்கும். அவர் மரத்தைப் பார்ப்பார். காரியம் முடிந்த அடுத்த நொடி, சட்டைப்பையிலிருந்து வறுத்த பொரி நாலைந்து வாய்க்குப் போகும். பிறகு உடனே மாடி ஏறாமல் தெருமுனை வரை ஒரு நடை.

அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர்கள் சொல்வதெல்லாம் அதில் இருக்கிறது. இடம் ஒன்று, நேரம் ஒன்று, சொல் ஒன்று. பரிசு அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே. வீட்டுக்கு வந்து கொடுத்தால், மாடி ஏறியதற்குத்தான் பொரி என்று நாய் எடுத்துக்கொள்ளும். அந்தத் தெருமுனை நடையில் ஒரு நுட்பமும் உண்டு. போனதுமே உள்ளே இழுத்து வந்தால், 'முடித்தால் ஊர் சுற்றுவது முடிந்துவிடும்' என்று நாய் கணக்குப் போட்டு, அடக்கி வைத்துக்கொள்ளும்.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்தில், விளையாடி முடித்ததும், இரவு படுக்குமுன் என்று இந்த நான்கு வேளைகளையும் தவறவிடாதீர்கள். மூக்கைத் தரையில் வைத்து வட்டமடித்தால் இடையிலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெரு மண் வேண்டாம். பார்வோ வைரஸ் அங்கே காத்திருக்கும். அதுவரை மொட்டைமாடியோ, பால்கனியில் ஒரு புல்தட்டோ போதும். மூன்று படுக்கையறை வீடு முழுவதையும் குட்டிக்குத் திறந்துவிட வேண்டாம். யாரும் புழங்காத அறை அதன் பார்வையில் வெளியூர். மிதியடிகளையும் குளியலறை விரிப்புகளையும் கொஞ்சகாலம் சுருட்டி வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் தரைதான் அதற்குப் பிடிக்கும்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். ஃபினாயில் போட்டால் நம் மூக்குக்கு வாடை போய்விடும். நாயின் மூக்குக்குப் போகாது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவம் அந்த வாடையையே சிதைத்துவிடும். இல்லாவிட்டால் நாய் தன் பழைய முகவரியைத் தேடி அதே மூலைக்கு வந்து நிற்கும்.

அடியும் திட்டும் வேண்டாம். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது கூடவே கூடாது. "தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், முழிக்கிற முழியைப் பாருங்க" என்போம். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் அந்த முழியைத்தான் 2009-இல் ஆராய்ந்தார். தொடக்கூடாது என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தம் இல்லை. சொந்தக்காரர் திட்டினால் நாய் அப்படி முழித்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் அதிகமாக முழித்தன. ஆக, நாம் சாயங்காலம் வந்து கத்தும்போது, மத்தியானம் நடந்ததற்காக என்று அதற்குத் தெரியாது. நம் குரலுக்குப் பயப்படுகிறது, அவ்வளவுதான். பயந்த நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும். நாம் குனிந்து தொட்டதுமே சொட்டுவிடும் குட்டிகளும் உண்டு. அது பணிவின் அறிகுறி. திட்டத் திட்ட அது கூடும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினால், பழக்கத்தைச் சந்தேகப்படும் முன் உடம்பைச் சந்தேகப்படுங்கள். மூத்திரத் தொற்றோ சர்க்கரை நோயோ இருக்கலாம். டாஷண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது முதுகெலும்பு வட்டு நோய் வருகிறது. பின்னங்கால் தள்ளாடி, அடக்கவும் முடியாமல் போனால் அது அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டிய அவசரம். சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் நல்ல மருத்துவர் ஒருவரின் எண்ணைக் கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

நாயைப் பழக்குமுன் வீட்டார் ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. எந்த இடம், எந்தச் சொல், எந்த வேளைக்கு யார் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாட்டியையும் கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் குளியலறைக் கதவு மறுபடியும் திறக்கும். காலை வேளைப் பொறுப்பைத் தாத்தாவுக்கோ, பொரி கொடுக்க ஆசைப்படும் பள்ளிப்பிள்ளைக்கோ கொடுத்துப் பாருங்கள். வேளை தவறாதவர்கள் அவர்கள்தான். கீழே போகும்போது கையில் ஒரு பழைய செய்தித்தாளும் இருக்கட்டும். அள்ளிப் போட்டுவிட்டு வந்தால் அண்டை வீட்டாரும் உங்கள் நாயைக் கொஞ்சுவார்கள்.

உங்கள் வீட்டுச் சட்டம் என்ன, அதை முதலில் மீறியவர் யார் என்று எழுதி அனுப்புங்கள். நாயின் பெயரை மறக்காமல் குறிப்பிடுங்கள். மீறியவர் பெயரை நாங்கள் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்