நாக்கு மீன்: உரக்குழிக்கா, குழம்புச் சட்டிக்கா?

கடலோரச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் மீன்களில் நாக்கு மீனும் ஒன்று. வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் உள்ள மதிப்பு இதற்கு இல்லை. சிறியது, தட்டையானது என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். விசைப்படகுகளின் இழுவலையில் இறாலோடு சேர்ந்து வரும் பொடி மீன்களில் கணிசமான பகுதி உலர்த்தப்பட்டு, மீன்தூளாகவும் கோழித் தீவனமாகவும் உரமாகவும் போய்விடுகிறது. நாக்கு மீன் குஞ்சுகளும் அதில் அடக்கம். சிறு விவசாயிகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இம்மீனின் வளர்ச்சி விந்தையானது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீன்களைப் போல நிமிர்ந்தே நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர வலக்கண் மெல்ல நகர்ந்து இடப்பக்கம் வந்து சேரும். பிறகு வலப்பக்கம் கீழாக, மணலிலும் சேற்றிலும் படுத்தே வாழும். புழுக்களும் கூனி போன்ற சிற்றுயிர்களுமே இதன் இரை. தரையோடு தரையாகக் கிடப்பதால், அடியைத் துழாவும் இழுவலைக்கு எளிதில் இரையாகிறது.

கேரளக் கரையில் பிடிபடும் சிறு வகைக்கு மாந்தல் என்று பெயர். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் அங்கே கூட்டமாகக் கிடைக்கும். முழுதாக வளர்ந்தாலும் ஒரு சாணுக்கு உட்பட்டதே. 9 செ.மீ.க்குக் குறைந்த மாந்தலைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு 2015-ல் விதித்தது. விதைநெல்லை உலையில் போடுவது எப்படியோ, குஞ்சு மீனை அரைத்துத் தூளாக்குவதும் அப்படியே.

படகுக்காரருக்கு டீசல் செலவு உண்டு. பொடி மீன் விற்ற காசும் அவருக்கு உதவும். அது உண்மையே. ஆனால் அதே குஞ்சு வளர்ந்து மீனாக வந்தால் அவருக்கும் கூடுதல் விலை கிடைக்கும். வாங்குபவர் மறுத்தால்தான் விற்பவர் நிறுத்துவார். தென்னைக்குத் தொழு உரம், தக்கைப்பூண்டு, வேப்பம் பிண்ணாக்கு என்று பல வழிகள் உண்டு. உப்பிட்ட கருவாட்டை இட்டால் மண்ணில் உப்பும் சேரும். வளரும் பிள்ளைகளுக்கோ, மலிவாகப் புரதம் தரும் பண்டங்கள் சிலவே.

சமைப்பதும் எளிது. தலையைச் சாய்வாக வெட்டிக் குடலை நீக்கி, வெட்டிய இடத்திலிருந்து தோலை வால் வரை இழுத்தால் உரிந்து வரும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, சிறிது புளிக்கரைசல் தடவி அரை மணி நேரம் ஊறவைத்து, தோசைக்கல்லில் இருபுறமும் வறுக்கலாம். சதை மென்மையானது, ஆகவே குழம்பு நன்கு கொதித்த பிறகே மீனைப் போட வேண்டும். கரண்டியால் கிளறக் கூடாது. சட்டியைப் பிடித்து அசைத்தால் போதும். கருவாடானால் சிவப்புப் படியாததாகப் பார்த்து வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, கத்தரிக்காயோடு குழம்பு வைக்கலாம்.

வளர்ந்த நாக்கு மீனை வீட்டுக்கு வாங்குவோம். குஞ்சுக் கருவாட்டை உரத்துக்கு வாங்காதிருப்போம். நிலத்துக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.