பெயர் போட்டு எழுத ஓர் இதழ்

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைப் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவது நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் பழகிய ஒன்று. பிரதிஷ்டைப் படங்கள், காணிக்கைக் கணக்கு, பேராயரின் மடல். பயனுள்ளவைதான். ஆனால் சபையார் தேநீர்க் கடையில் மணிக்கணக்காகப் பேசுகிற சொத்து, தேர்தல், சாதி ஆகியவை அதில் பெரும்பாலும் இரா. இதை ஆசிரியர்களின் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அச்சுக்கூலி தருபவரை விசாரணை செய்ய எந்த இதழாலும் இயலாது.

நாகர்கோவிலுக்கு அச்சு இயந்திரம் வந்ததே லண்டன் மிஷன் வழியாகத்தான். அதில் முன்னின்ற சார்லஸ் மீட், 1850களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். எதிர்ப்பு எழுந்தது, மிஷனை விட்டு விலகித் திருவிதாங்கூர் அரசுப் பணிக்குச் சென்றார். அச்சகம் மிஷனிடமே இருந்தது.

மாற்று வழி ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. சென்னையில் 1890இல் இந்தியக் கிறிஸ்தவர்களே தொடங்கிய 'கிறிஸ்டியன் பேட்ரியட்' மிஷனரிகளின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்று அவர்களின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டது. பின்னாளில் அதன் ஆசிரியரான வி. சக்கரை, பி. செஞ்சையா முதலியோருடன் சேர்ந்து 1938இல் இந்தியக் கிறிஸ்தவத்தை மறுபரிசீலனை செய்யும் நூலை வெளியிட்டார். ஒரே குறை: அந்த இதழ் ஆங்கிலத்தில் வந்தது. மயிலாடியின் விவசாயிக்கு அது எட்டவில்லை.

சபை விஷயத்தை வெளியே பேசினால் பகைவருக்கு ஆயுதம் கொடுத்ததாகும் என்பார்கள். 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டத்தில் இந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் மௌனம் எதையும் மறைப்பதில்லை. பெயரிட்ட கட்டுரைக்கு இடமில்லாத ஊரில் மொட்டைத் துண்டறிக்கைதான் செழிக்கும். அதற்குப் பதில் எழுதவும் முடியாது, பொறுப்பேற்கவும் ஆளில்லை.

அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வெந்து சபையினர் சிலர் 1969இல் 'ஸ்பெக்ட்ரம்' என்ற இதழைச் சபை நிர்வாகத்துக்கு வெளியே தொடங்கினார்கள். பெண்களின் குருத்துவம் முதல் சபையின் பணவிவகாரம் வரை அதில் விவாதிக்கப்பட்டது. சபை உடைந்துபோகவில்லை.

நாஞ்சில் நாட்டில் படித்தவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் என்றுமே பஞ்சமில்லை. பேராயத்தின் தயவில்லாமல், சந்தாவை மட்டும் நம்பி ஒரு தமிழ்ச் சிற்றிதழ் நடத்துவது அவ்வளவு பெரிய காரியமா? தன் சபையை நேசிப்பவனே அதில் எழுதுவான். நேசம் இல்லாதவன் எப்போதோ விலகியிருப்பான்.