நீவும் கை நிமிர்த்துமா?

மகளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போதுதான் பல வீடுகளில் விஷயம் தெரியவருகிறது. அளவு நாடாவைத் தோளில் வைத்த தையற்காரர் ஒரு கணம் நிதானிக்கிறார். "பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கின மாதிரி இருக்கேம்மா?" வீடு திரும்பியதும் முதல் பழி புத்தகப் பைக்கு, அடுத்தது செல்போனுக்கு. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே, யாரோ சொன்ன ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிவிட அழைத்துப் போகிறார்கள்.

பையும் செல்போனும் பாவம். ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்த முதுகெலும்புப் பக்க வளைவு, பதின்பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்தால் சொல்ல முடிவதில்லை. எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் முறையை 1948இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் வகுத்துத் தந்தார். அந்தக் கணக்கில் 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். இதில் முதுகெலும்பு பக்கவாட்டில் சாய்வதோடு நிற்பதில்லை, சாய்ந்தபடியே முறுக்கிக்கொள்கிறது. விலா எலும்புகளும் கூடவே திரும்புவதால்தான் முதுகின் ஒரு பக்கம் மேடுதட்டுகிறது.

இந்த முறுக்கை எந்தக் கையாலும் எடுத்துவிட முடியாது. நீவிவிடுபவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதற்காக நீவுவதே வீண் என்று தள்ளுவதும் தவறு. வளைந்த முதுகில் வலிப்பது பெரும்பாலும் தசை. குப்புறப் படுத்திருப்பவரின் தோள்பட்டை எலும்பை ஒட்டிக் கட்டைவிரலை நகர்த்தினால், புடைத்த பக்கத்தில் தசை இழுத்துக் கட்டிய கயிறுபோல நெருடும். குழிந்த பக்கத்திலோ சுருங்கிக் கிடக்கும். கைதேர்ந்த இயன்முறை மருத்துவர் மேட்டைப் பிடித்து அமுக்குவதில்லை. சுருங்கிய பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, மூச்சை விடச் சொல்லி, அந்த மூச்சு இறங்கும் வேகத்திலேயே நீவுகிறார். கொஞ்ச நேரத்தில் தசை இளகுகிறது. புரண்டு படுக்க முடியாதவர் அன்றிரவு அயர்ந்து தூங்குகிறார்.

சித்த மருத்துவம் இந்தக் கைவேலையைத் தொக்கணம் என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை பிரித்து வைத்திருக்கிறது. சாதாரண இடுப்புவலிக்கு மசாஜ் எவ்வளவு உதவும் என்பது குறித்த 25 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. வலி குறைகிறது, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று தெரிந்தது. அந்த ஆய்வுகளின் தரமும் மெச்சும்படி இல்லை என்று அது சேர்த்தே சொன்னது.

உசைன் போல்ட் பிறவியிலேயே வளைந்த முதுகுக்காரர். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோதும் அந்த வளைவு அப்படியேதான் இருந்தது. மசாஜ் அவருடைய அன்றாடப் பயிற்சியில் ஒரு பகுதி. ஆனால் முதுகையும் வயிற்றுத் தசைகளையும் வலுவாக்க அவர் பட்ட பாடு அதைவிடப் பெரிது. தளர்த்தும் வேலை கைக்கு, தாங்கும் வேலை உடற்பயிற்சிக்கு என்று பிரித்துக்கொண்டதால் அவருக்குப் பலன் கிடைத்தது.

ஜெர்மனியின் கத்தரீனா ஷ்ரோத் இதை இன்னும் முன்பே புரிந்துகொண்டவர். அவருக்கே முதுகு வளைவு. அமுங்கிய ரப்பர் பந்தில் காற்று ஏறினால் பள்ளம் மேலெழும்புவதைப் பார்த்து, தன் குழிந்த விலாப் பக்கத்துக்கு மூச்சைச் செலுத்திப் பழகினார். 1921இல் மைசன் நகரில் சிகிச்சைக்கூடம் தொடங்கினார். இன்றும் ஷ்ரோத் பயிற்சி தருபவர் நோயாளியின் விலாவில் விரல்களை வைத்து, "இங்கே மூச்சு வரட்டும்" என்று இடம் காட்டுகிறார். வேலையைச் செய்ய வேண்டியது நோயாளியின் நுரையீரலும் தசையும்தான்.

"ஆறு மாதம் வந்தால் நிமிர்த்திவிடலாம்" என்ற வாக்குறுதியில்தான் ஆபத்து இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை கிடுகிடுவென்று வளரும்போது வளைவும் சேர்ந்து வளரும். தடுத்து நிறுத்த அதுதான் காலம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், முதுகைத் தாங்க உடலைச் சுற்றி அணியும் பிரேஸைப் போட்டவர்களில் 72 சதவீதத்தினர் வளர்ச்சி முடியும்போது 50 டிகிரியைத் தொடாமல் தப்பினார்கள். அணியாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 48 சதவீதம். 50 டிகிரி என்பது அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எல்லை. வளர்ச்சி நின்றபின் பிரேஸ் போட்டால் இந்தப் பலன் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு கழிந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

ஆகவே, முதுகைத் தொடுவதற்கு முன் நீவுபவர் கேட்க வேண்டியவை சில உண்டு. வயது என்ன, எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, எத்தனை டிகிரி? பெரியவர் என்றால், எலும்புத் தேய்மானமோ முதுகில் பொருத்திய கம்பியோ உண்டா? கால் மரத்துப்போவதாகவோ சிறுநீரை அடக்க முடியவில்லை என்றோ சொன்னால், கையை எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நெட்டி முறிப்பதுபோல முதுகைத் திருகி "சத்தம் வந்தது பார்" என்று காட்டுவது வித்தை.

பெற்றோர் செய்ய வேண்டியதற்கு அரை நிமிடம் போதும். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865இல் விவரித்த சோதனை அது. பிள்ளையை, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக்கொண்டு, முழங்கால் மடங்காமல் முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் போய், நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம். நீவிவிட அதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது.