நின்று போக ஒரு சாலை

சென்னைக்குப் போவது பற்றி நம் வளாகத்தில் பேச்சு எழுந்தால் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை மணி நேரம்?" என்பதுதான். ஆறு மணி என்பான் ஒருவன். ஏழு என்பான் மற்றவன். ஹொசகோட்டையிலிருந்து திருப்பெரும்புதூர் வரை ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளத்தில் உருவாகிவரும் விரைவுச்சாலை முழுதும் திறக்கப்பட்டால் மூன்று மணி போதும் என்று மூன்றாமவன் கணக்குப் போடுவான். அச்சாலையின் கர்நாடகப் பகுதியில் 2024 இறுதியிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. வழியில் என்ன ஊர் வருகிறது என்று கேட்பவனை மட்டும் இதுவரை நான் காணவில்லை. இரவில் பேருந்தில் ஏறிப் போர்த்திப் படுத்து, பூந்தமல்லியில் கண் விழிக்கிறவனுக்கு இடையில் கிடப்பது நாடா, காடா, வெறும் இருட்டா?

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவும் இதே போக்கில்தான் நடக்கிறது. பேருந்து பிடிக்கிறோம், பாட்டுப் போடுகிறோம், ஓரிடத்தில் இறங்குகிறோம், படம் எடுக்கிறோம், திரும்புகிறோம். இவ்வாண்டு எங்கே போகலாம் என்ற விவாதம் தொடங்கியிருக்கும் இவ்வேளையில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இம்முறை ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; சாலையைத் தேர்ந்தெடுப்போம். அல்சூரிலிருந்து கிழக்கே புறப்படுகிற பழைய சென்னைச் சாலையில் ஒரு பகல் முழுதும் நின்று நின்று போய் வருவோம். ஒரு சாலையின் மதிப்பு, அது நம்மை நிற்க வைக்கிற ஊர்களில் இருக்கிறது என்பது என் கட்சி.

"அங்கே என்ன இருக்கிறது? வறண்ட கோலார் மாவட்டந்தானே?" என்று தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார். வறண்ட நாட்டுச் சாலைக்கும் ஒரு பெருமை உண்டு என்பதை அமெரிக்கர் காலங்கடந்து கண்டுகொண்டனர். சிகாகோவிலிருந்து கலிபோர்னியக் கடற்கரை வரை 1926இல் அமைந்த 'ரூட் 66' என்னும் நெடுஞ்சாலை மொஹாவிப் பாலைவனத்தினூடே போகிறது. பெட்ரோல், சோறு, இரவுக்கு ஒரு கட்டில் என்று வழிப்போக்கனுக்கு வேண்டியதைக் கொடுத்தே அங்குள்ள சிற்றூர்கள் பிழைத்தன. அகன்ற புதிய சாலைகள் விலகிப் போனதும் அவை விளக்கணைந்தன. ஆம்பாய் என்ற ஊரை 1973இல் புதுச்சாலை ஒதுக்கிவிட்டுப் போயிற்று, ஊரும் போயிற்று. 1985இல் அந்தச் சாலையையே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இப்போது அதைப் பார்க்க உலகின் நான்கு மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பாழடைந்த பெட்ரோல் நிலையத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். உயிரோடிருந்த ஊரில் இறங்கி ஒரு வாய் காப்பி குடிக்க நேரமில்லாத உலகம், அது செத்த பிறகு கடல் கடந்து வந்து பார்க்கிறது!

நம் சாலையின் ஊர்கள் இன்னும் சாகவில்லை. ஆகவே இப்போதே போகலாம் என்கிறேன்.

அதுவுமன்றி, இந்தச் சாலை நமக்கு அந்நியமானதன்று. 1791இல் காரன்வாலிஸின் படை முகிளிக் கணவாய் ஏறி, கோலாரையும் ஹொசகோட்டையையும் பிடித்துக்கொண்டு பெங்களூர்க் கோட்டையை முற்றுகையிட வந்தது இவ்வழியாகத்தான். 1809இல் ஆங்கிலேயர் தம் பாளையத்தைச் சீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். படைக்குப் பின்னே சமையற்காரர், கொத்தனார், வண்ணார், வண்டிக்காரர், வணிகர் என்று தமிழர் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினர். சோலையார்பேட்டையிலிருந்து இரயில் வந்ததோ 1864இல்தான். அதுவரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவர்கள் எப்படி வந்திருப்பார்கள்? நடந்தும், மாட்டு வண்டியிலும், ஏரிக்கரைகளில் கல் கூட்டிச் சமைத்துத் தின்றும், கணவாய் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். எங்கள் ஆஸ்டின் டவுனில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் வடாற்காட்டுப் பேச்சு இன்னும் கேட்கிறதென்றால் அதற்கு இத்தகைய சாலைகளே காரணம். (ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்று ஒரு பெயரும் உண்டு. 1894இல் கன்னட அகராதியை வெளியிட்ட ஜெர்மானியரின் பெயர் அது. ஆங்கிலப் பெயர், ஜெர்மானியர் பெயர், உள்ளே தமிழர்! எங்கள் பேட்டையின் இலட்சணம் அப்படி.)

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று நாங்கள் நால்வர் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் இவ்வழி சென்றோம். விடியுமுன் புறப்பட்டதற்குக் காரணம் வரலாற்றார்வம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஹொசகோட்டையில் விடியற்காலையில் பிரியாணி கிடைக்கும். ஐந்து மணிக்கே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஹொசகோட்டை என்றால் 'புதுக்கோட்டை' என்று பொருள். நம்மூர்ப் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் எங்களுடன் வந்தார். இதைக் கேட்டதும் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டார்.

ஹொசகோட்டையைத் தாண்டியதும் சாலை அகன்று, எழுபத்தைந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலையாய் நீள்கிறது. ஊர்களுக்குள் நுழையாமல் ஓரமாக வளைந்து போகிறது. நரசாபுரத்தில் மோட்டார் சைக்கிள் ஆலையும் கைப்பேசி ஆலையும் எழுந்துள்ளன. வேலைக்குப் போகும் இளம்பெண்களை ஏற்றிய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அதனருகே ஒரு தேநீர்க் கடை. கடைக்கார அம்மையார் கணவரிடம் தெலுங்கில் பேசினார், ஓட்டுநரிடம் கன்னடத்தில் பேசினார், பஞ்சர் ஒட்டும் பையனை உருதுவில் அதட்டினார், எங்களைப் பார்த்து, "இன்னும் ரெண்டு வடை வைக்கட்டுமா தம்பி?" என்றார். புதுச்சாலையைப் பற்றிக் கேட்டோம். "அது வேலி போட்ட ரோடு. அதுல போறவங்க என்னைப் பார்க்க முடியாது, நான் அவங்களைப் பார்க்க முடியாது" என்றார். விரைவுச்சாலை பற்றி நான் படித்த செய்திகளில் எதிலும் இது இவ்வளவு தெளிவாக இல்லை.

கோலாரில் பெருஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினோம். கோலாரம்மன் கோயிலின் சுவர்களில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. எழுத்துக் கூட்டிப் பார்த்தோம். ககரமும் தகரமும் பிடிபட்டன, சொல் பிடிபடவில்லை. சோழர் ஆட்சியில் இந்நாட்டுக்கு நிகரிலி சோழ மண்டலம் என்று பெயர். இதைக் கேட்டவுடன் மார்தட்டக் கிளம்புகிற தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதே மாவட்டத்தில் 1891இல் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். அவர் கன்னடத்தில் எழுதினார். 'சிக்க வீர ராஜேந்திர' என்ற கன்னட நாவலுக்கு 1983ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு பெற்றார். கல்லில் தமிழும் ஏட்டில் கன்னடமுமாக ஒரே மண் இருக்கிறது. தேநீர்க் கடை அம்மையாருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கலெல்லாம் நிற்காமல் போகிறவர்களுக்குத்தான் போலும்!

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வண்டி மாடு ஒரு நாளில் இருபது முப்பது கிலோமீட்டர் நடக்கும். பெங்களூருக்கும் ஹொசகோட்டைக்கும் அவ்வளவுதான் தொலைவு. கோலாருக்கும் முல்பாகலுக்கும் அவ்வளவுதான். மாடு நின்ற இடத்தில் தண்ணீர் வேண்டும்; தண்ணீருக்கு ஏரி வேண்டும். இச்சாலையில் தங்குமிடமாய் விளங்கிய ஒவ்வோர் ஊரையும் பாருங்கள், பக்கத்தில் ஓர் ஏரி இருக்கும். ஆண்டெல்லாம் ஓடும் ஆறு கோலார் மாவட்டத்தில் கிடையாது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் நம் பாலாறு இம்மாவட்டத்தின் வழியேதான் நடந்து வருகிறது. ஓடி வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. மழை பொய்த்து ஏரிகள் காய்ந்தபோது குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே போயின.

2018 ஜூன் முதல் இந்த ஏரிகளுக்கு ஒரு புதிய நீர் வருகிறது. பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டாப் பள்ளத்தாக்குகளில் சேரும் கழிவுநீரை இரண்டு கட்டமாகச் சுத்திகரித்து, குழாய் வழியே ஏற்றி, முதலில் இலட்சுமிசாகர ஏரியில் விடுகிறார்கள்; அங்கிருந்து ஏரிக்கு ஏரி வழிந்து போகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். அந்தப் பள்ளத்தாக்கில் வடிவது யாருடைய நீர்? ஆஸ்டின் டவுன் சரிந்து இறங்குவதும் அந்தப் பக்கந்தான். நான் காலையில் குளித்த நீரும், என் தாயார் அரிசி களைந்த நீரும் கோலார் விவசாயியின் ஏரிக்குப் போகின்றன. நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று கோலாரில் இருக்கிறது; அங்கிருந்து வரும் தக்காளி எங்கள் வீட்டு இரசத்தில் சேர்கிறது.

ஏரிக்கரையில் நின்றபோது இந்த உறவு எனக்கு மகிழ்ச்சியையும் கூச்சத்தையும் சேர்த்தே தந்தது. கிணறுகளில் நீர் ஏறியதென்று அங்குள்ள விவசாயி ஒருவர் மனநிறைவோடு சொன்னார். நீர் வந்த அதே 2018இல் ஏரியில் நுரை பொங்கியதையும் அவரே சொன்னார். வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் செய்தே நீரை விட வேண்டும் என்பது அம்மாவட்டத்தாரின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. நாம் அழுக்காக்கிய நீரை முழுதும் தூய்மை செய்து கொடுப்பதற்கான செலவைக் கேட்பது பிச்சையா? நம் வளாகத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சாலை நிற்க வைக்காவிட்டால் எனக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்?

முல்பாகலைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். மூடல பாகிலு, கிழக்கு வாயில் என்பது அப்பெயரின் பொருள். அங்கே தோசை சிறியது, தடித்தது, நெய்யில் முறுகியது, எழுதினால் பசிக்கும். நங்கலி வரை போய்த் திரும்பினோம். ஹொய்சளரின் கல்வெட்டுகள் அவர்களுடைய நாட்டின் கிழக்கெல்லையாகக் கூறும் நங்கலி அதுவே. கோலார் தங்கவயலுக்கு அன்று நேரமில்லை. 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட அச்சுரங்கங்களுக்கும் அவற்றில் இறங்கி உழைத்த தமிழருக்கும் ஒரு முழுநாளாவது ஒதுக்க வேண்டும்.

விரைவுச்சாலையை வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஊரில் தாயாருக்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்தால் நானும் மூன்று மணிச் சாலையைத்தான் தேடுவேன். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, அவசரம் ஏதுமில்லாத நாளில், நாற்பது மாணவர் சேர்ந்து போகும்போதும் வேலி போட்ட சாலையில்தான் போக வேண்டுமா? நாற்பது பேர் இறங்கினால் அந்த அம்மையாருக்கு எண்பது வடை விற்கும். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் எங்களுக்குப் பிடிபடாத சொற்களும் பிடிபடும். நம் கன்னட நண்பர்களையும் அழைப்போம். மாஸ்தியை அவர்கள் சொல்லட்டும்.

செலவு பெரிதாகாது. பெங்களூரிலிருந்து நங்கலி ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் இரவு எட்டுக்குள் திரும்பிவிடலாம். செயற்குழு இசையுமானால், நிற்க வேண்டிய இடங்களின் பட்டியலை எழுதித் தர ஆயத்தமாயிருக்கிறேன். இலட்சுமிசாகர ஏரிக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும்; நீரில் நுரை இருக்கிறதா இல்லையா என்பதை நாற்பது பேரும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.