மூன்றும் கூடினால் மட்டுமே

எமது பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் சிலவற்றில் இன்று லேசர் வெட்டுக்கருவிகள் உள்ளன. பலகையை வெட்டும் காபனீரொட்சைட்டு லேசரின் கதிர் கண்ணுக்குப் புலப்படாதது. புலப்படாததைக் கண்டு இமை மூடுவதுமில்லை. மூடி திறந்திருக்கையில் அது தவறிப் பாய்ந்தால் விழிவெண்படலம் கருகிவிடும். எனினும் மலிவான கருவிகள் சில, மூடியில் காவல் ஆளி இன்றியே விற்கப்படுகின்றன.

"அவதானம்" என்று சுவரில் எழுதி ஒட்டுவது போதுமென நாம் கருதவில்லை. கணினி நிரலிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்தலும் தகாது. லேசர் அன்றெனினும், தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைக் கருவியின் வரலாறு இதற்குச் சான்று. அதற்கு முந்திய தெராக்-20 கருவியில் கதிரைத் தடுக்கத் தனியான மின்சுற்றுகள் இருந்தன. புதியதில் அவற்றை நீக்கி, மென்பொருளையே காவலாக்கினர். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளர் அறுவர் அளவுமீறிய கதிர்ப்புக்கு உள்ளாயினர்; சிலர் மாண்டனர். மென்பொருளில் இருந்த பிழையொன்று பழைய கருவியிலும் இருந்ததெனப் பின்னர் தெரியவந்தது. அங்கே அது உருகியை எரித்ததோடு நின்றது.

அத்தகைய காவலுக்குப் பெரும் பொறியியல் தேவையில்லை. திறப்பு திருப்பப்பட்டிருத்தலும், மூடி மூடியிருத்தலும், பொத்தான் அழுத்தப்படுதலும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றிக் கதிர் எழலாகாது. தருக்கவியலார் இதனை 'அண்ட்' படலை என்பர். நம் இலக்கணத்தில் இது எண்ணும்மை அன்றோ! லேசரை இயக்கும் திரான்சிற்றர் பழுதாகித் தானே மின்னைக் கடத்தவுங் கூடுமாதலால், மூடி திறந்ததும் மின்வழங்கலையே துண்டிக்கும் ரிலே ஒன்றும் வேண்டும்.

நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் இச்சுற்றையும் தம் கையால் பொருத்திப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து. லேசர் வேண்டாம், 5 வோல்ற்று மின்வழங்கலும், 7408 சில்லும், மூன்று ஆளிகளும், சிறு ஒளியுமிழ் இருவாயியும் போதும். அச்சில்லில் நான்கு படலைகள் உண்டு, இரண்டே தேவை. ஒளி எரிகையில் மூடி ஆளியின் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கட்டும். ஒளி அணையாது! தொங்கும் முனையை அச்சில்லு '1' என்றே கொள்ளும். சில்லின் அருகே, அம்முனைக்கும் புவிக்கும் இடையே 330 ஓம் தடையி ஒன்றை இணைத்துவிட்டு மீண்டும் பிடுங்கினால், அணையும்.