கணித வகுப்பில் சத்தம் வந்தால் என்ன?



"கணித பாடத்துக்குப் பிள்ளைகள் விளையாடுறாங்களாம், டீச்சர்மார் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்களாம்" என்று ஊரில் கதை போகிறது. கதைத்தவர்களில் ஒருவராவது வகுப்புக்குள் வந்து பார்த்தீர்களா?

நாங்கள் செய்வது இதுதான். தரம் 8 வகுப்பறைத் தரையில் சோக்கால் ஓர் எண்கோடு. நடுவில் 0, இடப்பக்கம் −10 வரை, வலப்பக்கம் +10 வரை. சிவப்பு அட்டை வந்தால் இடப்பக்கம் நடக்க வேண்டும், நீலம் வந்தால் வலப்பக்கம். முதலில் தாயக்கட்டைதான் உருட்டினோம். தாயம் சூது என்றார்கள். சரி, வீண் தர்க்கம் வேண்டாமென்று பால்மாப் பெட்டியை வெட்டி அட்டை செய்தோம். இப்போது அட்டைக்கும் முறைப்பாடு! அப்படியென்றால் பிரச்சினை தாயக்கட்டை இல்லையே.

−3 − 2 எவ்வளவு என்று வீட்டில் இருக்கும் தரம் 10 பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். +5 என்று சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அது பெருக்கலுக்கான விதி. (−3) × (−2) என்றால் +6, அது சரி. கூட்டல் கழித்தலுக்கு அதையே இழுத்து வந்தால் பிறகு சமன்பாடும் பிழை, வரைபும் பிழை. தரையில் இடப்பக்கம் மூன்றடி, அதன் பிறகும் இடப்பக்கம் இரண்டடி வைத்த பிள்ளை, தான் −5இல் நிற்பதைக் கண்ணால் காணும். மாறி நடந்தால் பக்கத்தில் நிற்பவன் "டேய், பிழைடா" என்று கத்துவான். அந்தச் சத்தம்தான் உங்களுக்கு வீதிக்குக் கேட்கிறது.

எல்லா விளையாட்டும் பாடம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரிசு கொடுத்துக் கைதட்டி முடிகிற விளையாட்டு வீண். விளையாடியதைக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதுகிறார்கள், திறந்து பாருங்கள். இது எங்கள் சொந்தப் புதினமும் அல்ல. 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு தேசிய கல்வி நிறுவகமே செயற்பாடு மூலம் படிப்பிக்கச் சொல்லிவிட்டது.

டியூஷனில் வாங்குக்கு ஆறு பேரை நெருக்கி இருத்தி, பாஸ்ட் பேப்பர் விடையைப் பலகையில் எழுதிப் பார்த்தெழுத வைக்கிறார்கள். அங்கே சத்தமில்லை. அதற்கு மாதா மாதம் காசும் கொடுக்கிறீர்கள். சாதாரண தரத்தில் கணிதம் போன பிள்ளை வீட்டில் வந்து இருக்கும்போது மட்டும் பாடசாலையைக் கேட்கிறீர்கள்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை நிறுத்தத் தீர்மானம் எடுக்கப் போகிறீர்களாம். எடுக்க முன் ஒரு பாடவேளை வந்து பின் வாங்கில் இருங்கள். அட்டை உங்கள் கையிலும் தருவோம்.